பொண்ணுக்கு அதே கணுக்கால் ரெண்டாவது தடவ பிரண்டுருச்சு, வலி போயிருச்சு ஆனா கண்ண மூடினா ஒத்தக்கால்ல நிக்க முடியல, கபடி ஆட விடலாமா?

கேட்டவர்: ஒட்டன்சத்திரம் அப்பா

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க, யார்ட்ட கேக்குறதுன்னு தெரியாம இங்க வந்துருக்கேன்.

என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, வயசு 14. ஏழாவதுல இருந்து ஸ்கூல் டீம்ல கபடி ஆடுறா, லெஃப்ட் கார்னர், தேவப்பட்டா ரைடும் போவா. போன வருஷம் புரட்டாசில குறுவட்டப் போட்டில போனஸ் எடுக்க கால எட்டி வச்சு திரும்பும்போது வலது பாதம் உள்பக்கமா மடங்கி கணுக்கால் பிரண்டுருச்சு. புளிய கரைச்சு உப்பு போட்டு காய்ச்சி பத்து போட்டோம், பக்கத்து ஊர்ல எண்ணெய் போட்டு சுளுக்கு எடுக்கிறவர்ட்ட ரெண்டு தடவ கூட்டிட்டுப் போனேன், பத்து நாள்ல நடந்துட்டா, மூணாவது வாரமே திரும்ப ஆடப் போயிட்டா. சரியாயிருச்சுன்னுதான் நெனச்சோம்.

இந்த ஆடில ப்ராக்டிஸ் பண்றப்ப யாரும் தொடக்கூட இல்ல, ஓடி வந்து நின்னா, அதே கால் அதே மாதிரி மடங்கிருச்சு. எக்ஸ்ரே எடுத்துப் பாத்தோம், எலும்புல ஒண்ணும் இல்ல, எலும்புங்கள சேத்துக் கட்டி வச்சிருக்கிற லிகமென்ட் கொஞ்சம் கிழிஞ்சிருக்கும் ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லி க்ரேப் பேண்டேஜ் சுத்தி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் என்ன பண்ணணும்னு யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல. இப்ப அஞ்சு வாரம் ஆச்சு. வீக்கம் இல்ல, வலி இல்ல, மாடிப்படி எல்லாம் ஏறி இறங்குறா.

ஆனா போன ஞாயித்துக்கிழம தலைக்குக் குளிக்கிறப்ப, சீயக்காய் கண்ணுல படாம இருக்க கண்ண மூடிக்கிட்டு ஒத்தக்கால்ல நின்னு இன்னொரு பாதத்த தேய்க்கப் போனவ அப்படியே சாஞ்சு வாளி மேல விழுந்துட்டா. நல்லவேள அடி எதுவும் இல்ல. வெளிய வந்து ஒரு வார்த்த சொன்னா, "அப்பா, கண்ண மூடுனா வலது கால் எங்க இருக்குன்னே தெரியல"ன்னு. அது மனசுல அப்படியே நின்னுருச்சுங்க. ஹால்ல நிக்க வச்சுப் பாத்தேன். இடது கால்ல கண்ண மூடிக்கிட்டு நான் 20 எண்ற வரைக்கும் நின்னா. வலது கால்ல 4 எண்ணுறதுக்குள்ள பாதம் தத்தளிச்சு கால கீழ ஊனிட்டா. மூணு தடவ பாத்தேன், மூணு தடவயும் அதேதான்.

இன்னும் மூணு வாரத்துல மாவட்டப் போட்டி. பிடி சார் வலி இல்லேல்ல, கணுக்கால்ல மாட்டுற ஆங்கிள் கேப் போட்டுட்டு ஆடட்டும்ங்கறார். அவ அம்மாச்சி பொட்டப்புள்ளைக்கு இந்த ஆட்டமே வேணாம் நிறுத்துங்கறாங்க. எனக்கு நிறுத்த மனசில்ல, அவளுக்கு அதுதான் உசுரு. ஆனா போன வருஷம் இதே டீம்ல கவர் ஆடுன பொண்ணுக்கு முட்டிக்குள்ள இருக்கிற ஏசிஎல்ங்கற லிகமென்ட் கிழிஞ்சு ஆபரேஷன் வரைக்கும் போச்சு, அதப் பாத்ததுல இருந்து எனக்கு தூக்கம் இல்ல. இந்த பேலன்ஸ் தானா திரும்ப வருமா? கணுக்கால் சரியாகாம ஆடுனா முட்டிக்கும் வந்துருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோவை பிசியோ

அண்ணா, நான் பிசியோதெரபிஸ்ட், பத்து வருஷமா ஸ்கூல் காலேஜ் பிள்ளைங்களத்தான் பாக்குறேங்க. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க ஹால்ல நிக்க வச்சு எண்ணிப் பாத்தீங்கல்ல, அந்த கால்ல என்ன பிரச்சனைங்கறதுக்கு பாதி பதில் அதுலயே கெடச்சாச்சு.

நம்ம உடம்பு கீழ விழாம நிக்கறதுக்கு மூணு இடத்துல இருந்து சேதி வருது. கண்ணு, உள்காது, அப்புறம் கால்ல இருக்கற தசை, லிகமென்ட், மூட்டு இதுங்க. கண்ண மூடினா அதுல ஒண்ணு கட். 19ஆம் நூற்றாண்டுல ஜெர்மனில ரோம்பெர்க்னு ஒரு டாக்டர் இதத்தான் கவனிச்சார், தண்டுவட நரம்பு கெட்டுப்போனவங்க கண்ணு தெறந்திருக்கற வரைக்கும் நிக்கறாங்க, மூடினதும் தள்ளாடறாங்கன்னு. அவர் பேர்லயே அந்த டெஸ்ட் இன்னைக்கும் இருக்கு. இப்ப உங்க பொண்ணு கணக்கப் போட்டுப் பாருங்க. கண்ண மூடி இடது கால்ல 20 வரைக்கும் நிக்கறா, அப்ப உள்காது நல்லாத்தான் இருக்கு. வலது கால்ல மட்டும் 4. அந்த கணுக்கால்ல இருந்து மேல போற சேதியும் அதுக்கு தசை குடுக்கற பதிலும்தான் சரியில்லைங்க.

இந்த உணர்வுக்கு எங்க பாடத்துல ப்ரோப்ரியோசெப்ஷன்னு பேரு. கரண்ட் போயி இருட்டுல உக்காந்து சாப்பிட்டாலும் சோறு வாய்க்குத்தானே போகுது, கை எங்க இருக்கு வாய் எங்க இருக்குன்னு பாக்காமலே தெரியுதுல்ல, அதேதான். லிகமென்ட்ட எல்லாரும் எலும்ப கட்டி வச்சிருக்கற கயிறுன்னு நெனைக்கறோம். அதுக்குள்ள நரம்பு முனைங்க இருக்கு, மூட்டு எவ்வளவு மடங்குது எவ்வளவு இழுபடுதுன்னு அதுங்க சொல்லிட்டே இருக்கும். லிகமென்ட் கிழியறப்ப அதுங்களும் அடி வாங்குது. இங்கிலாந்துல ஃப்ரீமேன்னு ஒரு டாக்டரும் கூட இருந்தவங்களும் 1965லயே இத எழுதிட்டாங்க, பிரண்ட கால் ஆறின பிறகும் நழுவிட்டே இருக்கறதுக்கு இந்த உணர்வு கொறஞ்சு போறது ஒரு காரணம், ஆடற பலகை மேல நிக்க வச்சு பழக்கினா கொறையுதுன்னு. வலி போயிடும், வீக்கம் வத்திடும், இது மட்டும் பழக்காம முழுசா வராதுங்க. உங்க பொண்ணுக்கு முதல் தடவ நடந்ததும் இதுதான், மூணாவது வாரம் ஆடப் போயிட்டா, கால் அதுக்கு தயாராவே இல்ல.

நல்ல சேதியும் இருக்கு. மூட்டோட நெலைய மூளைக்கு சொல்றதுல பெரும்பங்கு லிகமென்ட்டோடது இல்ல, தசைக்குள்ள இருக்கற உணர்முனைங்களோடது. அதனால லிகமென்ட்ல கொஞ்சம் போனாலும் தசையப் பழக்கி ஈடு கட்ட முடியும். நெதர்லாந்துல கணுக்கால் பிரண்ட 522 விளையாட்டுக்காரங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு வீட்லயே பண்ற பேலன்ஸ் பயிற்சி 8 வாரம் குடுத்தாங்க, வாரத்துக்கு மூணு தடவ, ஒவ்வொரு தடவயும் அரை மணி நேரத்துக்கு மேல இல்ல. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா பயிற்சி பண்ணாதவங்கள்ல 33 சதவீதம் பேருக்கு மறுபடி பிரண்டிருக்கு, பண்ணவங்கள்ல 22. பக்கத்துல யாரும் நின்னு சொல்லிக் குடுக்காமலே அவ்வளவு கொறஞ்சிருக்கு.

என்ன பண்ணணும்னா, காலைலயும் ராத்திரியும் பல் தேய்க்கறப்ப வலது கால்ல மட்டும் நிக்கட்டும், முட்டி லேசா மடங்கி இருக்கணும், வெறைப்பா நிக்கக் கூடாது. அது சுலபமானதும் சுவத்துல ரப்பர் பந்த எறிஞ்சு புடிச்சுக்கிட்டே நிக்கணும், அப்பதான் புத்தி பந்துல இருக்கும், கால் தன் வேலைய தானே பாக்கப் பழகும். அடுத்து போர்வைய நாலா மடிச்சு அது மேல. அப்புறம் கண்ண மூடி, ஆனா சுவர் மூலைல நின்னு, ரெண்டு பக்கமும் புடிச்சுக்க இடம் இருக்கணும், பாத்ரூம்ல வேண்டவே வேண்டாம். பழைய சைக்கிள் ட்யூப் ஒண்ண கட்டில் கால்ல கட்டி பாதத்துல மாட்டி வெளிப்பக்கமா இழுக்கச் சொல்லுங்க, 15 தடவ, மூணு செட். கணுக்கால் உள்ள மடங்காம புடிக்கறது அந்த வெளிப்பக்கத் தசைதான். படிக்கட்டு நுனில முன்பாதம் வச்சு குதிகால ஏத்தி இறக்கறது, மொதல்ல ரெண்டு கால், அப்புறம் ஒரு கால்.

மாவட்டப் போட்டிக்கு என் கிட்ட கேட்டா அனுப்ப மாட்டேங்க. கண்ண மூடி 4 நொடி நிக்கற கால நம்பி கார்னர்ல நிக்க முடியாது. ஒரு தடவ நேர்ல யார்கிட்டயாவது காமிங்க, மாவட்ட அரசு ஆஸ்பத்திரி எலும்பு ஓபி போதும், லிகமென்ட் எவ்வளவு தளர்ந்திருக்குன்னு கையால இழுத்துப் பாத்து சொல்லுவாங்க. முட்டி கேள்விக்கு, கணுக்கால் பிரண்டா முட்டி கிழியும்னு நேர்கோடு போட மாட்டேன். ஆனா ஒரு கால நம்ப முடியாத பிள்ளை இறங்கறதும் திரும்பறதும் கோணலாத்தான் இருக்கும், பாரம் எல்லாம் மத்த கால் மேல போகும். அது நல்லதில்ல.

தஞ்சாவூர் ரைடர்

அங்கிள், உங்க பொண்ணு இத படிப்பான்னா அவளுக்காகத்தான் எழுதுறேன்.

எனக்கு இப்ப 23. பதினேழு வயசுல ரைடு போயி ஓடிக்கிட்டே கையால ஒருத்தர தொட்டுட்டு மிட் லைனுக்கு திரும்புறேன், என்ன யாரும் புடிக்கல, இடது பாதம் கபடி மேட் விரிப்புல பதிஞ்சு நிக்குது உடம்பு மட்டும் திரும்புது, முட்டி உள்ளுக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். காஞ்ச குச்சி ஒடியுற மாதிரி. பக்கத்துல நின்ன பொண்ணுக்கே கேட்டுச்சாம். அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள முட்டி தேங்கா மாதிரி வீங்கிருச்சு. சுளுக்குன்னு நீவி விட்டாங்க, மூணு வாரத்துல வீக்கம் வடிஞ்சுருச்சு, நானும் ஆடப் போயிட்டேன், நேரா ஓடுறப்ப ஒண்ணுமே தெரியல. திரும்புறப்ப மட்டும் முட்டி சறுக்கி வெளிய போற மாதிரி இருக்கும். ரெண்டு மாசம் அப்படியே ஆடுனேன், கடைசில எம்ஆர்ஐ எடுத்தா ஏசிஎல் முழுசா போச்சு, கூடவே முட்டி எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வும் (மெனிஸ்கஸ்) கிழிஞ்சிருக்கு. ஏசிஎல் மட்டும் இருந்தப்பவே பாத்திருந்தா ஜவ்வையாவது காப்பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. இத படிக்கிற அப்பா அம்மா யாரா இருந்தாலும், டப்புன்னு சத்தம் கேட்டு அன்னைக்கே முட்டி வீங்குச்சுன்னா தயவு செஞ்சு நீவி விடாதீங்க, எண்ணெய் போடாதீங்க, எலும்பு டாக்டர்ட்ட போங்க.

ஆபரேஷன் பண்ணி பின்தொடைத் தசைநாண எடுத்து வச்சாங்க. காலேஜ் ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷன் வருதுன்னு அஞ்சரை மாசத்துல மேட்ல எறங்கிட்டேன். கோச் கேட்டார், வலி இருக்கான்னு. இல்லன்னேன். உண்மையாவே இல்ல. யாருமே ஒத்தக்கால்ல குதிக்கச் சொல்லிப் பாக்கல, தொடை சுத்தளவு அளந்து பாக்கல. ரெண்டு கால் தொடையும் கண்ணாடில பாத்தாலே வித்தியாசம் தெரியும், நான் பாத்தும் கண்டுக்கல. செலக்‌ஷன் அன்னைக்கு ரெண்டாவது ரைடுல அதே முட்டி திரும்ப போச்சு.

அப்புறம்தான் தேடித் தேடி படிச்சேன். 25 வயசுக்குள்ள ஏசிஎல் ஆபரேஷன் பண்ணிட்டு திரும்ப ஆடப் போறவங்கள்ல நாலுல ஒருத்தருக்குக் கிட்ட மறுபடி ஏதாவது ஒரு முட்டில கிழியுது. 2016ல வந்த ஒரு ஆய்வுல, 9 மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடப் போட மறுபடி அடிபடுறது பாதி பாதியா கொறையுதுன்னு இருக்கு. அஞ்சரைக்கும் ஒன்பதுக்கும் நடுவுல மூணரை மாசம். அந்த மூணரை மாசத்த யாராவது எனக்கு குடுத்திருந்தா நான் இன்னைக்கு எங்கயோ ஆடிக்கிட்டு இருந்திருப்பேன்.

பெரிய ஆளுங்களுக்கும் இதான் நடக்குது. பேட்மின்டன்ல கரோலினா மரின், ரியோ ஒலிம்பிக்ல நம்ம சிந்துவ ஜெயிச்சு தங்கம் வாங்குனவங்க. 2019 ஜனவரில இந்தோனேசியா மாஸ்டர்ஸ் ஃபைனல்ல சாய்னாவுக்கு எதிரா ஆடுறப்ப வலது முட்டி ஏசிஎல், 2021ல டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னாடி இடது முட்டி, 2024 பாரிஸ் செமிஃபைனல்ல முன்னால இருக்கிறப்ப மறுபடி வலது முட்டி. அந்த பாரிஸ் மேட்ச்ச நான் பாத்துட்டு இருந்தேன், அவங்க கோர்ட்ல மண்டி போட்டு அழுதப்ப எனக்கு என் முட்டி வலிச்சுச்சு.

தங்கச்சி, ஒரு மாவட்டப் போட்டி போனா போகட்டும். உனக்கு 14 தான் ஆகுது.

வரப்பு மனுசன்

இதெல்லாம் படிச்சா பயமா இருக்குங்க. நாங்க சின்ன வயசுல வரப்புல ஓடுனோம், வெறுங்கால்ல மண்ணுல சடுகுடு ஆடுனோம், யாருக்கு ஏசிஎல் போச்சு? இப்ப பிள்ளைகள ஷூ மாட்டி மேட்ல எறக்கி விடுறோம், செல்போன்ல உக்கார வைக்கிறோம், அதான் காரணம்னு எனக்குத் தோணுது. மேட் காலப் புடிச்சுக்குது, மண்ணு வழுக்கி விட்டுரும்.

கோவை பிசியோ

வரப்பு அண்ணா, அப்பவும் முட்டி போயிருக்கும்ங்க, எம்ஆர்ஐ இல்லாததால பேரு தெரியல. "முட்டி புடிச்சுக்கிச்சு அதோட ஆட்டத்த விட்டுட்டான்"னு சொல்ற ஆளு ஊருக்கு ஒருத்தராவது இருப்பார், அது பெரும்பாலும் இதுதான். ஆனா நீங்க சொல்றதுல ஒரு பெரிய உண்மை இருக்கு. வரப்புல நடக்கறது பேலன்ஸ் பயிற்சிதான், தரை ஒவ்வொரு அடிக்கும் வேற மாதிரி இருக்கும், பாதம் வேல செஞ்சுட்டே இருக்கும். பாதம் தரைய புடிச்சுக்கறப்ப உடம்பு மட்டும் திரும்பினா முறுக்கு முட்டிக்குத்தான் போகும்ங்கறதும் சரி. அப்புறம் பாண்டி ஆட்டம்! கட்டத்துக்கு கட்டம் நொண்டியடிச்சு, கோட்ட மிதிக்காம, குனிஞ்சு சில்ல எடுத்து திரும்பி வரணும். ஒத்தக்கால்ல குதிக்கறது, இறங்கறது, திரும்பறது, குனியறது எல்லாம் அதுல இருக்கு. நான் பத்து பன்னண்டு வயசுப் பிள்ளைங்களுக்கு ஆறாவது வாரத்துல இருந்து கிளினிக் மொட்டை மாடில சாக்பீஸ்ல கட்டம் போட்டு அதத்தான் ஆட வைக்கறேன், ஒருத்தர்கூட எனக்கு எக்சர்சைஸ் போர் அடிக்குதுன்னு சொன்னதில்லைங்க.

தூத்துக்குடி பிடி மிஸ்

சார், நான் கவர்மென்ட் ஸ்கூல்ல பிடி டீச்சரா இருக்கேன், கபடி வாலிபால் ரெண்டும் பாக்கேன். உங்க பிடி சார குத்தம் சொல்ல மாட்டேன், எங்களுக்கு ட்ரெயினிங்ல ரூல்ஸ், மார்க்கிங் எல்லாம் விலாவாரியா சொல்லித் தந்தாக, அடிபட்ட பிள்ள எப்ப திரும்ப ஆடலாம்னு ஒரு வகுப்புகூட எடுத்ததா ஞாபகம் இல்ல. நானும் வலி இருக்கா இல்லியான்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். என் டீம்லயே ஒரே வருசத்துல ரெண்டு பிள்ளைகளுக்கு முட்டி போனப்பறம்தான் உக்காந்து படிச்சேன்.

படிச்சதுல என்ன உலுக்குன விசயம் இது. ஹேண்ட்பால், பாஸ்கெட்பால் ஆடுன பொண்ணுகளுக்கு ஏசிஎல் கிழிஞ்ச 10 வீடியோவ நார்வேல ஃப்ரேம் ஃப்ரேமா பாத்திருக்காக. பாதம் தரையில பட்டு சுமார் 40 மில்லி செகண்டுக்குள்ள லிகமென்ட் போயிருது. கண்ண இமைக்கவே அத விட ரெண்டு மூணு மடங்கு நேரம் ஆகும். அப்ப பாதம் தரையில பட்டு, அய்யோ முட்டி சாயுதேன்னு சேதி மேல போயி, மூள பதில் சொல்லி, தசை இறுகி புடிக்கிறதுக்கு நேரமே கெடையாது. குதிச்ச பிள்ள காத்துல இருக்கும்போதே தசை தயாரா இறுகி இருக்கணும். அத யோசிச்சு செய்ய முடியாது, பழகிப் பழகி உடம்புக்கே தெரிஞ்சிருக்கணும். பேலன்ஸ் பயிற்சின்னா சும்மா ஒத்தக்கால்ல நிக்கது மட்டும்னு நெனச்சிட்டு இருந்தேன், குதிச்சு இறங்கப் பழக்குறதுதான் அதுல பெரிய பாகம்னு அன்னைக்குத்தான் வெளங்குச்சு.

இறங்கும்போது முட்டி ரெண்டும் உள்பக்கமா சாஞ்சு ஒண்ண ஒண்ணு பாக்கும் பாருங்க, அதான் ஆபத்து. பொம்பளப் பிள்ளைககிட்ட இது அதிகம். ஃபுட்பால், பாஸ்கெட்பால் மாதிரி ஆட்டத்துல ஆம்பளப் பிள்ளைகள விட பொம்பளப் பிள்ளைகளுக்கு ஏசிஎல் கிழியது ரெண்டு மூணு மடங்கு அதிகம்னு கணக்கு இருக்கு. அதுக்காக அவுக ஆடக் கூடாதுன்னு அர்த்தம் இல்ல சார், அம்மாச்சிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. பையன்க சின்னதுல இருந்து மதில் ஏறி குதிச்சு வளர்றான், பிள்ளைகள பெரிய மனுசி ஆனதும் ஓடாத குதிக்காதன்னு ரெண்டு வருசம் உக்கார வச்சிட்டு அப்புறம் நேரா போட்டியில எறக்குதோம். காரணம் இது ஒண்ணு மட்டும்னு சொல்ல வரல, ஆனா நம்மளால மாத்த முடிஞ்சது இது.

ஸ்வீடன்ல 12ல இருந்து 17 வயசு வரைக்கும் ஃபுட்பால் ஆடுற 4564 பொண்ணுகள வச்சு ஒரு ஆய்வு, 2012ல வந்தது. வார்ம் அப்புலயே 15 நிமிசம், வாரத்துக்கு ரெண்டு நாள், முட்டி உள்பக்கமா சாயாம உக்காந்து எந்திரிக்கது, ஒத்தக்கால், குதிச்சு இறங்குறது, இவ்வளவுதான். ஏசிஎல் கிழியது 64 சதவீதம் கொறஞ்சிருக்கு. மிசின் வேணாம், மேட் வேணாம், காசு வேணாம். ஃபிஃபா 11 பிளஸ்னு ஃபுட்பால் ஆடுறவுகளுக்கு ஒரு வார்ம் அப் இருக்கு, 20 நிமிசம், 15 பயிற்சி, அதுல இருந்தும் கொஞ்சம் எடுத்துக்கிட்டேன்.

எங்க கிரவுண்ட்ல எப்படின்னா, மேடை ஓரத்துல ஒரு படி இருக்கு, முழங்கால் உயரம்கூட வராது. ஒவ்வொருத்தியா அதுல இருந்து குதிக்கணும். நான் திரும்பி நின்னுக்குவேன். சத்தம் கேட்டா அவ திரும்ப போயி வரிசையில நிக்கணும், கேக்கலேன்னா பாஸ். பூனை மாதிரி இறங்குங்க பிள்ளைகளான்னு சொல்லுவேன், வேற ஒரு விளக்கமும் குடுக்க மாட்டேன். சத்தம் வராம இறங்கணும்னா முட்டிய மடக்கித்தான் ஆகணும், இடுப்ப பின்னால தள்ளித்தான் ஆகணும், எல்லாம் தானா வருது. அப்புறம் நான் முன்னால வந்து முட்டி மட்டும் பாப்பேன், முட்டி ரெண்டாவது விரலுக்கு நேரா இருக்கான்னு. சாயுதுன்னா அவ முட்டிக்கு மேல ஒரு ரிப்பன கட்டி விட்டு, ரிப்பன் விரலுக்கு மேல இருக்கணும்னு மட்டும் சொல்லுவேன். பிள்ளைகளே ஒருத்திக்கொருத்தி பாத்து சொல்லுதுக. ஜோடி ஜோடியா மண்டி போட்டு, ஒருத்தி கணுக்காலப் புடிச்சுக்க இன்னொருத்தி உடம்ப நேரா வச்சு மெதுவா முன்னால சாயணும், பின்தொடைக்கு அத விட நல்லது எனக்கு தெரியல. முதல் வாரம் எல்லாரும் முகம் குப்புற விழுந்தாக.

இன்னொண்ணு. எட்டாவது ஒன்பதாவதுல சில பிள்ளைக லீவு முடிஞ்சு வரும்போது ஒரு ஜாண் வளந்து வரும், சுடிதார் பேன்ட் கணுக்காலுக்கு மேல நிக்கும். அந்த நேரம் போன வருசம் அழகா ஆடுன பிள்ள தடுமாறும், தட்டி விழும். கால் நீளமாயிருச்சு, மூளைக்கு இன்னும் பழைய அளவுதான் தெரியுது. அப்ப திட்டக் கூடாது, குதிக்குற எண்ணிக்கைய கொறச்சு பேலன்ஸ் வேலைய கூட்டணும். உங்க பொண்ணு சமீபத்துல வளந்தாளா சார்?

மதுரை வாலிபால்

இந்த ஆங்கிள் கேப், முட்டிக்கு மாட்டுற நீ கேப் எல்லாம் போட்டா பிரயோஜனம் உண்டா இல்லையா, யாராவது ஒருத்தர் தெளிவா சொல்லுங்களேன், என் தம்பி மகன் ரெண்டு முட்டிலயும் மாட்டிக்கிட்டுத்தான் ஆடுறான், அடி எதுவும் பட்டதில்ல சும்மா மாட்டியிருக்கான்.

கோவை பிசியோ

கணுக்காலுக்கு உண்டுங்க. ஏற்கனவே பிரண்ட கணுக்காலுக்கு லேஸ் கட்டற மாதிரி வர்ற பிரேஸ், இல்ல டேப், மறுபடி பிரளறத கொறைக்கும். சாக்ஸ் மாதிரி இழுத்து மாட்டற கேப் அந்த அளவு தாங்காது, ஆனா தோல் மேல இறுக்கமா இருக்கறதால மூட்டு மேல கவனம் கொஞ்சம் கூடும். அடிபடாத முட்டிக்கு நீ கேப் போட்டா ஏசிஎல் கிழியாதுன்னு நம்பாதீங்க, அது அந்த முறுக்க தாங்காது. எதப் போட்டாலும் பயிற்சிக்கு பதிலா போடக் கூடாது.

ஒட்டன்சத்திரம் அப்பா

எல்லாருக்கும் கை கூப்பி நன்றி. தஞ்சாவூர் பொண்ணு எழுதுனத அவகிட்ட ஃபோன குடுத்து படிக்கச் சொன்னேன், படிச்சுட்டு ஒண்ணும் பேசாம மாடிக்கு போயிட்டா, அரை மணி நேரம் கழிச்சு வந்து நான் போட்டிக்கு போகலப்பான்னு அவளே சொல்லிட்டா. அரசு ஆஸ்பத்திரில காமிச்சோம், டாக்டர் குதிகாலப் புடிச்சு முன்னால இழுத்துப் பாத்துட்டு கொஞ்சம் தளர்வு இருக்கு, ஆபரேஷன் எல்லாம் வேணாம், பயிற்சி பண்ணுங்கன்னு பிசியோவுக்கு எழுதிக் குடுத்தார்.

அங்க ஒரு டெஸ்ட் வச்சாங்க, வீட்லயும் செஞ்சு பாத்தோம். ஒத்தக்கால்ல டைல்ஸ் கோட்டு மேல நின்னுக்கிட்டு மத்த கால முன்னால எவ்வளவு தூரம் நீட்டி தரைய தொட்டுட்டு விழாம திரும்ப வர முடியுதுன்னு. இடது கால்ல நிக்கும்போது 61 சென்டிமீட்டர் போகுது, வலது கால்ல நிக்கும்போது 54. பென்சில்ல டைல்ஸ்லயே குறிச்சு வச்சிருக்கேன், அவ அம்மா துடைக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கு. மிஸ் கேட்டது சரிதான், ஒரு வருஷத்துல 7 சென்டிமீட்டர் வளந்திருக்கா, ஸ்கூல் ஹெல்த் கார்டுல இருக்கு.

கோவை பிசியோ

7 சென்டிமீட்டர் வித்தியாசம் அதிகம்ங்கண்ணா. அமெரிக்காவுல ஸ்கூல் பாஸ்கெட்பால் பிள்ளைங்கள இதே டெஸ்ட்ல பாத்தப்ப, ரெண்டு காலுக்கும் முன்பக்கம் 4 சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருந்தவங்களுக்கு அந்த சீசன்ல கால்ல அடிபடற வாய்ப்பு ரெண்டரை மடங்கு இருந்திருக்கு. 4க்கு கீழ கொண்டு வரணும், அது முதல் படி. அடுத்து ஒத்தக்கால்ல குதிக்கற தூரம், நல்ல கால்ல நூறுன்னா இதுல தொண்ணூறாவது வரணும். கடைசியா கபடிக்குன்னே ஒண்ணு, அவ ஒத்தக்கால்ல நிக்கறப்ப நீங்க சொல்லாம கொள்ளாம தோள்ல, இடுப்புல லேசா தள்ளணும். ரைடர் இழுக்கறது அப்படித்தானே இருக்கும், சொல்லிட்டா இழுக்கறாங்க?

ஒட்டன்சத்திரம் அப்பா

11 வாரம் கழிச்சு எழுதுறேன், யாராவது இந்த இழைய இன்னும் பாக்குறீங்களான்னு தெரியல. மாவட்டப் போட்டிக்கு அவ போகல, டீம் செமிஃபைனல்ல தோத்துருச்சு, அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடல. அது எங்களுக்கு கஷ்டமான நாளுதான். மறுநாள் காலைல அவளாவே பல் தேய்க்க வந்து வலது கால்ல நின்னா.

இப்ப கண்ண மூடி வலது கால்ல 17, 18 வரைக்கும் நிக்கிறா. டைல்ஸ்ல வித்தியாசம் 3 சென்டிமீட்டர். முந்தா நாள் பின்னால இருந்து தோள்ல தள்ளுனேன், பாதம் மட்டும் ஆடுச்சு, கால கீழ வைக்கல, நாந்தான் கொஞ்சம் தடுமாறிட்டேன். மிஸ் சொன்ன படி விஷயத்த பிடி சார்ட்ட நேர்ல போயி சொன்னேன், முதல்ல முகம் சுளிச்சார், அப்புறம் அந்த முட்டி ஆபரேஷன் ஆன பொண்ணப் பத்தி அவரே பேச ஆரம்பிச்சுட்டார், அவருக்கும் அது உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. இப்ப திங்கள் புதன் வெள்ளி வார்ம் அப்ல 15 நிமிஷம் இதத்தான் பண்றாங்க, ஆறாவது ஏழாவது பிள்ளைங்களுக்கு என் பொண்ணுதான் முன்னால நின்னு செஞ்சு காட்டுறா.

குதிக்கிற தூரம் மட்டும் இன்னும் 84 சதவீதத்துலயே நிக்குது, ரெண்டு வாரமா ஏறல. பிசியோ மேடம், சைக்கிள் ட்யூப ரெண்டா மடிச்சு இழுக்கச் சொல்லலாமா, இல்ல படிக்கட்டுல ஒத்தக்கால்ல ஏத்துறத கூட்டணுமா? வர்ற செவ்வாய்க்கிழம திரும்ப டெஸ்ட் இருக்கு.